சாப்பிட்டாச்சா என்றால் சிரிக்கிறார்

அப்பா இறந்து ஒரு வருடம் நிறைந்த காலையில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து அவரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தோம். பெரிய வரம் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டாச்சா என்று கேட்டோம். அதற்கு மனிதர் ஒழுங்காகப் பதில் சொல்ல மாட்டேன் என்கிறார்.

உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான். தைவானில் எங்கள் ஜியாயி ஊரில் யார் யாரைப் பார்த்தாலும் 'சாப்பிட்டாச்சா' என்பார்கள். காலையிலிருந்து பட்டினியாகக் கிடப்பவன்கூட 'ஆச்சு, ஆச்சு' என்று சொல்லிவிட்டுப் போவான். அப்பா மட்டும் 'பாதி ஆச்சு' என்பார். அது பொய்யும் இல்லை. ஹோ தியாம்திங் என்கிற என் அப்பா கோயில் தெருவில் ஐம்பத்து மூன்று வருடம் ஹார்டுவேர் கடை நடத்தினார். அதில் ஒரு மதியச் சோற்றையாவது எழுந்திருக்காமல் முடித்ததாக எனக்கு நினைவில்லை. வாயில் கவளம் இருக்கும். வாசலில் யாராவது ஒரு தாழ்ப்பாள் கேட்பார்கள். கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

அன்றைக்கு அந்தப் பதிலுக்கு அவசரம் இருந்தது. வருடம் முடிந்ததும் அவருடைய பத்திச் சட்டியிலிருந்து மூன்று சிட்டிகை சாம்பல் எடுத்து, முன்னோர்களின் சட்டியில் சேர்க்க வேண்டும். அவர் பெயரை முன்னோர் பலகையில் எழுத வேண்டும். அப்போதுதான் அவர் தன் அப்பா அம்மாவோடு போய் உட்காருவார். அதுவரை தனியாகத்தான் இருப்பார், மேசையின் ஓரத்தில், விருந்தாளி மாதிரி. கோயில்காரர் குறித்துக் கொடுத்த நல்ல நேரம் பதினோரு மணிக்கு முடிகிறது. ஆனால் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரை எழுப்பி எங்கேயும் அழைத்துப் போக முடியாதே. அதனால் முதலில் அவர் 'ஆச்சு' என்று சொல்லியாக வேண்டும்.

சொல்வது காசு வழியாக. இரண்டு பத்து யுவான் காசுகளைத் தட்டில் போட வேண்டும். ஒன்று தலையும் ஒன்று பூவும் விழுந்தால் 'ஆமாம்'. இரண்டும் பூ விழுந்தால் 'இல்லை'. இரண்டும் தலை விழுந்தால் போனவர் சிரிக்கிறார் என்று அர்த்தம். எதற்குச் சிரிக்கிறார் என்பதை இருப்பவர்கள்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

காசு போடும் உரிமை மூத்த மகனுக்கு. என் தம்பி சுன்ஹோங் அதற்காகவே தைபேயிலிருந்து லீவு போட்டு வந்திருந்தான். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை. காசை உருட்டிப் போடுவதைக்கூட விண்ணப்பப் படிவம் நீட்டுகிறவன் மாதிரி இரண்டு கையாலும் செய்தான். ஒன்பதரைக்கு முதல் தடவை போட்டபோது இரண்டும் பூ. சரி, சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். பத்தி இன்னும் பாதிகூட எரியவில்லை. பத்து நிமிடம் பொறுத்து மறுபடியும் போட்டான். இரண்டும் தலை. இன்னொரு தடவை. மறுபடியும் இரண்டும் தலை.

"என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு உங்களுக்கு?" என்றாள் அம்மா, அப்பாவின் படத்தைப் பார்த்து. "புள்ள அவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்கான். மருமக விடியக்காலைல எழுந்து எட்டு கறி சமைச்சிருக்கா. சட்டுனு சாப்பிட்டோம்னு சொல்லுங்களேன்."

சமைத்தது தம்பி பெண்டாட்டி பெய்ரோங். வேகவைத்த மீன், பாகற்காய் சூப், தவிடு நீக்காத அரிசிச் சோறு, எண்ணெய் காட்டாத கீரை. உப்பு, கொழுப்பு எல்லாம் கணக்காக. டாக்டர் அப்பாவுக்கு எழுதிக் கொடுத்த பட்டியலை நான்தான் பதினோரு வருடத்துக்கு முன்பு சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்தேன். அது இன்னும் அங்கேயே இருக்கிறது. பாவம், அந்தப் பெண் அதைப் பார்த்துச் சமைத்துவிட்டாள். செத்தவருக்கு ரத்தக் கொதிப்பு ஏறிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ.

"கடையைப் பத்தி ஏதாவது கவலை இருக்குமோ, அக்கா?" என்றான் தம்பி. பிறகு படத்தைப் பார்த்து, ஆபீஸ் குரலில், "அப்பா, கடை நல்லாதான் போகுது. அக்கா தெனமும் காலைல ஆறு மணிக்கே திறந்துடறா" என்றான்.

காசு விழுந்தது. இரண்டும் தலை.

"இவ ஆறரைக்குத்தான் திறக்கறான்னு அவருக்குத் தெரியாதா? அதான் சிரிக்கிறாரு" என்றாள் அம்மா.

"ஆறேகால்" என்றேன்.

கட்டிக்கொடுத்த பெண் நான். என் வீடு அடுத்த தெருவில். புருஷன் பஸ் ஓட்டுகிறார். ஆனால் இருபத்திரண்டு வருடமாக அப்பாவோடு கடையில் நின்றவள் நான்தான். நின்று என்ன பயன்? கடையில் எது எங்கே இருக்கிறது என்று அப்பாவைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. மருந்துக்கடை ஒன்றை மூடியபோது அவர்களுடைய பழைய மூலிகை அலமாரியை அப்பா வாங்கிப் போட்டிருந்தார். இருநூற்றுப் பதினாறு இழுப்பறைகள். வேறு கடையாக இருந்தால் ஒவ்வொன்றிலும் 'மூணு அங்குலத் திருகாணி', 'சின்ன வாஷர்' என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். அப்பா அந்தச் சாமானை முதன்முதலில் யார் வந்து கேட்டார்களோ அவர்கள் பெயரை எழுதி ஒட்டுவார். 'முடிவெட்டும் லின், சாயும் நாற்காலி.' 'பல் டாக்டர் வீட்டுக் கொசுக்கதவு.' 'ஏழாம் நம்பர் கிழவி, மூடி பறந்த குக்கர்.' ஒன்றில் 'அழுதுகொண்டே வந்த பெண்ணின் கைப்பை' என்று இருக்கும். உள்ளே பித்தளைக் கொக்கிகள். யார் அந்தப் பெண் என்று கேட்டால், "பேர் கேக்கல. அழுதுட்டிருந்தா, எப்படிக் கேக்கறது?" என்பார்.

சாமானுக்கு நம்பர் இருக்கிறது, நம்பர் போட்டு ஒட்டுங்கள் என்று நான் எத்தனையோ சண்டை போட்டிருக்கிறேன். "நம்பரை யாரு ஞாபகம் வெச்சுக்கறது? லின்னோட நாற்காலி எனக்குத் தெரியும்" என்பார். முடிவெட்டும் லின் செத்து முப்பது வருடமாகிறது. இன்னமும் எங்கள் தெருவில் ஒருவருக்கு அந்தக் குறிப்பிட்ட அளவு போல்ட் வேண்டுமென்றால் நான் லின்னைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

"ஷட்டரை இறக்கி வெச்சிருக்கோமே, அது பிடிக்கலையோ?" என்றாள் பெய்ரோங்.

நியாயமான சந்தேகம்தான். அப்பா வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் கடையை மூடுவார். புத்தாண்டின் நாலாம் நாள். அன்றைக்கு எங்களையெல்லாம் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு புடாய் கடற்கரைக்குப் போவார். முன்னால் தம்பி, பின்னால் அம்மா, நடுவில் நான். ஒரு தடவை அங்கே மீன் சந்தையில் விலாங்கு விற்கிற பெண்ணின் பெட்டி மூடி கழன்று தொங்குவதைப் பார்த்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். விடுமுறை நாளில் திருப்புளி எதற்கு என்று அம்மா கத்தினாள். அரை மணி நேரம் உட்கார்ந்து கீலை மாற்றினார். அந்தப் பெண் சந்தோஷத்தில் உயிரோடு ஒரு விலாங்கை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்துவிட்டாள். வீடு வரும்வரை அது அம்மாவின் மடியில் துள்ளிக்கொண்டே வந்தது. அம்மா வழியெல்லாம் திட்டினாள், அப்பா வழியெல்லாம் சிரித்தார், தம்பியும் நானும் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்க வந்து சேர்ந்தோம். எங்கள் சிறுவயதில் மிகச் சந்தோஷமான நாள் எது என்று கேட்டால் இரண்டு பேரும் அதைத்தான் சொல்வோம்.

பெய்ரோங் கீழே போய் ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு ஏற்றிவிட்டு வந்தாள். தம்பி காசு போட்டான். இரண்டும் தலை.

அம்மா திடீரென்று தொடையில் தட்டினாள். "ஐயோ! பல்செட்டு!"

"என்னம்மா?"

"அவரோட பல்செட்டு அலமாரிலேயே இருக்குடா! அன்னிக்குக் கொடுத்தனுப்ப மறந்துட்டோம். பல்லு இல்லாம மனுஷன் எப்படிச் சாப்பிடுவாரு? ஒரு வருஷமா நாம வெக்கற சோத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்காரு!"

எழுபத்தாறு வயதில் அவ்வளவு வேகமாக அவள் மேல்மாடிக்குப் படி ஏறி நான் பார்த்ததில்லை. கண்ணாடி டம்ளரில் பல்செட்டை எடுத்து வந்து, தண்ணீர் மாற்றி, மீனுக்கும் பாகற்காய்க்கும் நடுவில் வைத்தாள். மேல்வரிசையும் கீழ்வரிசையும் எங்களைப் பார்த்து இளித்தன. பெய்ரோங் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. தம்பி மட்டும் சிரிக்காமல் காசைப் போட்டான்.

இரண்டும் தலை. அதிலும் ஒரு காசு தட்டிலிருந்து தெறித்து, டம்ளரில் போய் இடித்து, கிணிங் என்று சத்தம் போட்டுவிட்டு வந்துதான் தலை காட்டியது.

அதற்குப் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. அம்மாவே வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நானும் சிரித்தேன். ஆனால் பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன். மற்றவர்கள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளலாம். என்னால் முடியாது. அவர் ஏன் 'ஆச்சு' என்று சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். ஒரு வருடமாக அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

மணி பத்து இருபது. தம்பி வியர்வையைத் துடைத்துக்கொண்டான். "அப்பா, விளையாடாதீங்க. நேரம் போகுது. உங்களுக்கு யார் மேலயாவது வருத்தமா? வருத்தம் இல்லேன்னா இல்லேன்னு சொல்லிடுங்க."

கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டான். காசு விழுந்தது. இரண்டும் பூ.

வருத்தம் இல்லை என்று அர்த்தம், ஆனால் என்னால் அதை நம்ப முடியவில்லை. "என் மேலதான்" என்றேன்.

மூன்று பேரும் திரும்பினார்கள். சொல்லிவிட்டேன். இனி நிறுத்த முடியாது.

"அன்னிக்கு மதியம் அவரு சாப்பிட்டுட்டு இருந்தாரு. வான்கோழிச் சோத்துக்கடை ஆதோ அக்கா ஓடி வந்தாங்க. குழாய் பிச்சுட்டு அடிக்குது, கடையில கூட்டம், வாஷர் குடுன்னாங்க. நான் தேடினேன். நாலு இழுப்பறை தேடினேன். யாரு பேர்ல இருக்குன்னு எனக்குத் தெரியல. எரிச்சல் வந்துடுச்சு. 'அப்பா, உங்க கிறுக்கு லேபிளை நீங்களே வந்து படிங்க'ன்னு கத்தினேன். எழுந்து வந்தாரு. பாட்டு வாத்தியார் வீட்டுக் குளியலறைன்னு ஒரு இழுப்பறை, அதுலேருந்து எடுத்தாரு. 'நானே போய் மாட்டிட்டு வந்துடறேன்'னு கிளம்பிட்டாரு. ஒரு மணி நேரம் கழிச்சு வந்தாரு. சோறு ஆறிப்போயிருந்துச்சு. சூடு பண்ணட்டுமான்னு கேட்டேன். வேணாம்னாரு. 'சமைக்கறவளுக்கு என்ன மரியாதை இருக்கு இந்த வீட்டுல'ன்னு சொல்லி, கிண்ணத்தை வெடுக்குனு எடுத்துட்டுப் போயிட்டேன். அவரு மேல போய்ப் படுத்தாரு. அப்புறம் எந்திரிக்கல."

தம்பி கையிலிருந்த காசைக் கீழே வைத்தான்.

"மதியம் மூணு மணிக்குப் போனா ராத்திரிச் சாப்பாட்டைப் பிள்ளைங்களுக்கு மிச்சம் வெச்சுட்டுப் போறதா அர்த்தம், புண்ணியவான்னு எல்லாரும் சொன்னீங்க. அவரு மிச்சம் வெச்சது ஒரு வேளை இல்ல, ஒன்றரை வேளை. பாதி வயித்தோட அனுப்பினது நான். அதான் சாப்பிட்டாச்சான்னு கேட்டா பதில் சொல்ல மாட்டேங்கறாரு."

அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அம்மா என் முகத்தையே பார்த்தாள். ஆறுதல் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"யாரு வீட்டுக் குழாய்னு சொன்ன?"

"ஆதோ அக்கா."

"அங்க போயிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு வந்தாரு."

"ஆமா."

"வாஷர் மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்?"

"அஞ்சு நிமிஷம்."

"அட கூறு கெட்டவளே" என்றாள் அம்மா. "அவரு சட்டையைத் துவைச்சவ நான். அதுல வறுத்த சின்ன வெங்காய வாசனை அடிக்கும், வாரத்துல அஞ்சு நாள். ஹார்டுவேர் கடையில வெங்காயமாடி வறுக்கறீங்க?"

எனக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது. எங்கள் ஊர் வான்கோழிச் சோறு என்றால் சுடச்சுட வெள்ளைச் சோற்றின் மேல் கறியைப் பிய்த்துப் போட்டு, வான்கோழிக் கொழுப்பைக் கரண்டியால் ஊற்றி, மேலே பொன்னிறமாக வறுத்த வெங்காயம் தூவித் தருவார்கள். டாக்டரின் பட்டியலில் 'கூடாது' என்று சிவப்பு மையில் அடிக்கோடிட்ட முதல் வரி அதுதான்.

"உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சா ஏம்மா சொல்லல?"

"நீ கேக்கவே இல்லையே. நீ பாட்டுக்குச் சுவத்துல காகிதம் ஒட்டினே, அவரு பாட்டுக்கு வெளியில சாப்பிட்டாரு. ரெண்டு பேரும் சந்தோஷமாத்தானே இருந்தீங்க. ஆனா அன்னிக்கும் அங்கதான் போனாருன்னு இப்பதான் தெரியுது. பெய்ரோங், வண்டிய எடு. அந்த ஆதோவைக் கையோட கூட்டிட்டு வா. ஒரு கிண்ணம் சோறும் கொண்டுவரச் சொல்லு. வர மாட்டேன்னு சொல்லுவா. இழுத்துட்டு வா."

ஆதோ அக்கா ஒரு வருடமாக எங்கள் கடைப் பக்கமே வரவில்லை. இறுதி ஊர்வலத்தன்று பத்தி ஏற்றினாள், என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள். ஒரு போல்ட் வேண்டுமென்றாலும் ரயில் நிலையம் வரை போய் வாங்குகிறாள் என்று கேள்விப்பட்டேன். நான் அன்றைக்குக் கத்தியதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். அதனால்தான் என்னை வெறுக்கிறாள் என்று முடிவு கட்டியிருந்தேன்.

பத்து நாற்பதுக்கு ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. கடைக்குள் நுழைந்து மாடிப்படி வரைக்கும் வந்த ஆதோ அக்கா அதற்கு மேல் ஏறவில்லை. அறுபத்திரண்டு வயது, கட்டுமஸ்தான உடம்பு, வான்கோழியை ஒரே கையால் தூக்கித் திருப்புகிறவள். மூடி போட்ட கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டு சின்னப் பெண் மாதிரி விசும்பினாள்.

"நான் வரமாட்டேன். எந்த மூஞ்சியோட வருவேன்? நான்தான் அவரைக் கொன்னேன்."

"நீங்களா?" என்றேன்.

"டாக்டர் வேணாம்னு சொன்னது எனக்குத் தெரியும், ஆயுவான். ஊருக்கே தெரியும். நீ காகிதம் ஒட்டினதும் தெரியும். அவரே சொல்லிச் சிரிப்பாரு. பதினோரு வருஷமா, மதியம் ஆனா வந்து பானைக்குப் பின்னால உக்காந்துக்குவாரு, தெருவுல போறவங்க கண்ணுல படாம. நான் 'அண்ணே, போதுமா, இன்னும் போடட்டுமா'ன்னு கேப்பேன். கொஞ்சமாத்தான் போடுவேன், சத்தியமா. ஆனா அன்னிக்கு…"

"அன்னிக்கு?"

"ரெண்டு கிண்ணம். கொழுப்பு கூட ஊத்தச் சொன்னாரு. மேல ஒரு முட்டை. சூப்பும் குடிச்சாரு. குழாயைச் சரி பண்ணிக் கொடுத்திருக்காரே, எப்படி முடியாதுன்னு சொல்றது? போய் ரெண்டு மணி நேரத்துல சேதி வந்துடுச்சு. நான் அந்த ரெண்டாவது கிண்ணத்தைப் போட்டிருக்கக் கூடாது."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஆதோ அக்கா மேல் இல்லை, மேசையில் உட்கார்ந்து சிரிக்கிற ஆள் மேல். பதினோரு வருடம் நான் ஆவியில் வேகவைத்த மீன்! உப்பில்லாத சூப்பை நானும் அவரோடு சேர்ந்து குடித்தேனே, அவருக்கு மட்டும் எப்படிக் கொடுப்பது என்று! மதியத்தில் யாராவது ஒரு தாழ்ப்பாள் கேட்டு வந்தால் முகம் மலர எழுந்து ஓடியதெல்லாம் கடமை உணர்ச்சி என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேனே!

"அப்பா!" என்று படத்தைப் பார்த்துக் கத்தினேன். "ஒரு வருஷம்! ஒரு வருஷமா மதியம் எனக்குச் சோறு இறங்கல. நீங்க ரெண்டு கிண்ணம் முட்டையோட அடிச்சிட்டு வந்துதான் என் சோறு வேணாம்னீங்களா?"

பெய்ரோங் முதலில் சிரித்தாள், பிறகு அம்மா. கத்திக்கொண்டே நானும் சிரித்துவிட்டேன், கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"எப்படி இருந்தாரு? சாப்பிட்டு முடிச்சப்போ?" என்று கேட்டேன். அது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும்.

ஆதோ அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நல்லா இருந்தாரு. வயித்தைத் தடவிக்கிட்டு, 'இன்னிக்கு யாருமே கூப்பிடல, முழுசா ஆச்சு'ன்னாரு. கிண்ணத்துல ஒரு பருக்கை இல்ல. பானைக்கு மேல இருக்கற ஆணி ஆடுதுன்னு அதையும் அடிச்சுக் கொடுத்துட்டுப் போனாரு."

அம்மா மேலே கட்டியிருந்த சமையல் துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தம்பி தொண்டையைக் கனைத்தான்.

"ஆதோ அக்கா, நான் ஆஸ்பத்திரிப் பேப்பர் எல்லாம் படிச்சேன். என் வேலையே அதானே. அப்பாவோட இதய ரத்தக் குழாய் மூணும் பல வருஷம் முன்னாடியே அடைச்சிருந்துச்சு. இவ்வளவு நாள் எப்படி ஓடினாருன்னு டாக்டரே ஆச்சரியப்பட்டாரு. அந்த ரெண்டு கிண்ணம் சோறு இல்ல."

அவன் ஆபீஸ் குரலில் உருப்படியாகச் சொன்ன ஒரே விஷயம் அது. ஆனாலும் ஆதோ அக்கா முகம் தெளியவில்லை. கிண்ணத்தை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு படியடியிலேயே நின்றாள். பேப்பரில் எழுதியதை நம்ப அவளால் முடியவில்லை. எனக்கு அது நன்றாகப் புரிந்தது. என்னிடமும்தான் இந்த ஒரு வருடத்தில் யாராவது பேப்பரைக் காட்டியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

நான் இறங்கிப் போய் அவள் கையைப் பிடித்து மேலே கூட்டி வந்தேன். பல்செட்டையும் பாகற்காயையும் நகர்த்தி, நடுவில் அவள் கிண்ணத்தை வைத்து மூடியைத் திறந்தேன். வறுத்த வெங்காய வாசனை பத்தி வாசனையை அமுக்கிவிட்டது. தம்பி காசை எடுத்தான்.

"மணி பத்து ஐம்பது. அக்கா, நீ வேணும்னா போடறியா? உனக்குத்தானே தெரியணும்" என்றான்.

நல்ல பிள்ளை என் தம்பி. அந்தக் காசைக் கையில் வாங்க ஒரு வருடமாக ஏங்கியிருக்கிறேன். வாங்கினேன். வாங்கியதும், எனக்கு வேண்டிய பதில் ஏற்கனவே வந்துவிட்டது தெரிந்தது. அவர் பசியோடு போகவில்லை. ஆதோ அக்காவின் உள்ளங்கையை விரித்து இரண்டு காசையும் அதில் வைத்தேன்.

"நீங்க கேளுங்க."

"நானா?" அவள் பயந்துவிட்டாள்.

"வெளியாளு போடலாமா?" என்றான் தம்பி.

"பதினோரு வருஷம் சோறு போட்டவ வெளியாளா?" என்றாள் அம்மா. "நீ கேளுடி. தெனமும் எப்படிக் கேப்பியோ அப்படியே கேளு."

ஆதோ அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். காசுகளைக் குலுக்கினாள். "அண்ணே… போதுமா? இன்னும் போடட்டுமா?"

காசுகள் தட்டில் சுற்றின. ஒன்று உடனே விழுந்தது. பூ. இன்னொன்று விளிம்போடு ஒரு சுற்று ஓடி, நிதானமாகச் சாய்ந்தது. தலை.

"ஆமாம்!" என்று பெய்ரோங் கைதட்டிவிட்டாள்.

தம்பி குனிந்து தட்டைப் பார்த்தான். "ஆமாம்னா, எதுக்கு ஆமாம்? ரெண்டு கேள்வி கேட்டீங்களே. போதும்ங்கறாரா, இன்னும் போடுங்கறாரா?"

"உங்கப்பா எதுக்குச் சொல்லுவாருன்னு உனக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா. சிரிப்பில் அவளுக்கு மூச்சு வாங்கியது. "இன்னும் போடுங்கறாரு. போய் முன்னோர் சட்டில சாம்பலைப் போடுடா, நேரமாச்சு. மிச்சத்தை அங்க போய் அவங்க அப்பா அம்மாவோட உக்காந்து சாப்பிடட்டும்."

தம்பி மூன்று விரலால் சாம்பலை எடுத்தான். ஒன்று, இரண்டு, மூன்று. சுவர்க் கடிகாரத்தில் பத்து ஐம்பத்தேழு. பெய்ரோங் பலகையைத் திறந்து தூரிகையை அவனிடம் நீட்டினாள். அப்பாவின் பெயரை அவன் எழுதுவதை நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஆதோ அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். காலை நீட்டிக்கொண்டு, முகத்தை மூடாமல், சத்தமாக அழுதாள். சுமையை இறக்கி வைத்தவர்களின் அழுகை அது. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு வருடமாக ஒரே ஊரில் இருந்துகொண்டு இரண்டு பேரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் அந்த மனிதரைக் கொன்றுகொண்டிருந்தோம். நான் பட்டினி போட்டு, அவள் சோறு போட்டு.

"என் மேல கோபமா, ஆயுவான்?" என்று கேட்டாள்.

"கோபம்தான்" என்றேன். "ஒரு வருஷம் முன்னாடியே வந்து சொல்லியிருக்கலாம்ல?"

அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். அவள் தலைமுடியிலும் வெங்காய வாசனை அடித்தது. மேசையைக் காலி செய்தபோது அம்மா அந்தக் கிண்ணத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள். நான் ஆதோ அக்காவுக்கு ஒரு வாய் ஊட்டினேன், பிறகு நான் ஒரு வாய் சாப்பிட்டேன். நல்ல பசி எனக்கு.